பெயர் சொல்லி அனுப்பினேன்

ஏனுங்க,

கேட்கிறதா? கடலைக்காட்டின் அந்தக் கோடியில் நின்றாலும் இந்த ஒரு சொல்லுக்குத் திரும்பிவிடுவீர்கள். ஊரில் எல்லாப் பெண்களும் அவரவர் வீட்டுக்காரரை இப்படித்தான் கூப்பிடுகிறார்கள். ஆனாலும் நான் கூப்பிட்டால் நீங்கள் மட்டும்தான் திரும்புவீர்கள். அந்த நம்பிக்கையில்தான் இப்போதும் கூப்பிடுகிறேன்.

அங்கே சௌக்கியமா என்று கேட்டால் பதில் வரப்போவதில்லை. அதனால் இங்கத்திய சௌக்கியத்தைச் சொல்லிவிடுகிறேன். மழை பரவாயில்லை. கிணற்றில் தண்ணீர் இருக்கிறது, எட்டிப் பார்த்தால் முகம் தெரிகிற அளவுக்கு. சுதந்திரம் வந்துவிட்டது. அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த மிட்டாயில் நம் பையன் எனக்குப் பாதி கொண்டுவந்தான். உங்கள் பங்கு எங்கே என்று கேட்க வேண்டாம், அதையும் நான்தான் தின்றேன்.

பெரிய சேதி ஒன்று இருக்கிறது. நம் சின்னச்சாமி பட்டாளத்து அதிகாரிகளைப் பயிற்றுவிக்கிற பள்ளியில் சேர மனுப் போட்டான். வடக்கே டேராடூனில் இருக்கிறது. தரைப்படை, கப்பற்படை, விமானப்படை மூன்றுக்கும் ஒரே இடத்தில் பிள்ளைகளைச் சேர்க்கிறார்களாம். சேர்ந்தானா இல்லையா என்று இந்த இடத்திலேயே கேட்பீர்கள். கூத்துப் பார்க்க உட்கார்ந்தால் முதல் பாட்டிலேயே கடைசியில் யார் சாவார்கள் என்று கேட்கிற ஆள்தானே நீங்கள். கொஞ்சம் பொறுங்கள். நடந்ததை நடந்தபடி சொன்னால்தான் என் மனம் ஆறும்.

திருச்செங்கோட்டு ஹைஸ்கூலில் அவனுக்குக் கடைசி வருஷம். பள்ளிக்கு வருகிற பத்திரிகையில் விளம்பரம் பார்த்திருக்கிறான். அன்று சாயங்காலம் கிணற்றடியில் கவலை ஓட்டித் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தவன், எருதுகளை நடுவழியில் நிறுத்திவிட்டு என்னிடம் வந்து நின்றான். பாதி தூரம் ஏறிய சாலில் இருந்து தண்ணீர் கிணற்றுக்கே திரும்ப வழிந்துகொண்டிருந்தது.

"அம்மா, நான் பட்டாளத்து ஆபீசர் பரீச்சைக்கு மனுப் போடட்டுமா?"

முதலில் எருதை ஓட்டச் சொன்னேன். பொய் சொல்வானேன், எனக்குப் பயம்தான். பட்டாளம் என்ற சொல் நம் வீட்டில் எதைக் கொண்டுவந்து வைத்தது என்று உங்களைவிட யாருக்குத் தெரியும்? ஆனால் அன்றைக்கே பெட்டியைத் திறந்து பர்மாவில் இருந்து நீங்கள் எழுதியதைத் தேடி எடுத்தேன். "ஆற்றின் படத்தைப் பார்த்து இன்ன இடத்தில் பாலம் என்று ஆபீசர் விரல் வைக்கிறார். கழுத்துத் தண்ணீரில் நின்று போடுகிறது நாங்கள். நம் பையன் விரல் வைக்கிற ஆளாக வரட்டும்" என்று எழுதியிருந்தீர்கள். மேட்டூர் அணையில் கல் அடுக்கிய காலத்தில் இருந்தே உங்களுக்கு அந்த ஆசை, படம் வரைகிறவன் நிழலில் நிற்கிறான், நாம் வெயிலில் நிற்கிறோம் என்று.

அந்த வரிக்குப் பிறகு நான் என்ன சொல்ல முடியும்? போடு என்றேன்.

அன்றிலிருந்து வீட்டில் ஒரே அமர்க்களம். விடியுமுன் எழுந்து மலைக்கு ஓடுவான், படியேறி இறங்கி வந்து பச்சை முட்டை குடிப்பான். கவலை ஓட்டும்போது இங்கிலீஷ் பத்திரிகையை உரக்க வாசிப்பான். நம் செவலை எருதுக்கு இப்போது இங்கிலீஷில் பேசினால்தான் கால் நகர்கிறது. சோதனை வேண்டுமானால் வந்து பாருங்கள்.

உங்கள் அண்ணனுக்குத் தெரிந்தது. அவர் சத்தம் போடுகிற ஆள் இல்லை என்று உங்களுக்குத் தெரியும். வாசலில் நின்று, கதவுக்குப் பின்னால் இருந்த எனக்குக் கேட்கிற மாதிரி பையனிடம் பேசினார்.

"ஒரு ஊட்டுல இருந்து ஒருத்தன் போனது போதுஞ் சாமி. நீயும் போயிட்டா காட்டுக்கு யாரு, கெணத்துக்கு யாரு? எனக்கும் வயசாவுதில்ல? நான் கையெழுத்துப் போட மாட்டேன். அதுக்குன்னு எங்கிட்ட வராத."

"அம்மா போட்டாச் செல்லுமுங்க பெரியப்பா. மனுவுலயே எழுதியிருக்குது."

"அப்ப போடச் சொல்லு. எங்கிட்ட எதுக்குக் கேக்கற?" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

நான் போட்டேன். பாவாயி என்று நீங்கள் சிலேட்டில் பிடித்துப் பழக்கிய அதே கோணல் எழுத்து. ராசிபுரத்துப் பள்ளியில் ஐந்தாவது வரை நான் படித்ததை எல்லாம் மறந்திருந்தபோது, "கடுதாசி எழுதோணும், இல்லாட்டி நான் பட்டாளத்துல யாரோட பேசறது?" என்று உட்காரவைத்தீர்களே, அந்தக் கையெழுத்து.

மனு போனது. அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தோம். சண்டையில் இறந்தவரின் மகன் என்றால் சர்க்காரே படிக்கவைக்கும். அதற்கு உங்கள் படையின் ஆபீசில் இருந்து சான்று வேண்டும் என்றார்கள். பெங்களூருக்கு எழுதினோம். பதில் வந்தது. இறந்தவரின் குடும்பத் தாளில் ஒரே மகன்தான், ஆனால் அவன் பெயர் வேறு, சின்னச்சாமி என்று ஒருவரும் இல்லை என்று எழுதியிருந்தார்கள். இரண்டு பேரும் ஒருவரே என்றால், குடும்பத்தில் விவரம் அறிந்த ஒருவர் தாசில்தார் முன்னால் சத்தியம் செய்து சொல்ல வேண்டுமாம். அந்தச் சான்று கடைசி நாளுக்குள் சென்னைக்குப் போய்ச் சேராவிட்டால் மனு தள்ளுபடி. கடைசி நாள் கிட்டத்தில் இருந்தது.

உங்களுக்குச் சிரிப்பு வரும். எனக்கும் வந்தது, அப்புறம் அழுகை வந்தது.

தலைச்சன் பையனுக்கு உங்கள் அப்பா பெயரை வைத்தோம். வழக்கப்படி வைத்தது சரிதான். ஆனால் மாமா உயிரோடு கட்டிலில் உட்கார்ந்திருக்கையில் அந்தப் பெயரைச் சொல்லி, "அடே, மூக்கைத் துடைடா" என்று மருமகள் சொல்ல முடியுமா? முடியாததால்தான் சின்னச்சாமி என்று கூப்பிட்டேன், வீடு முழுக்க அதையே பிடித்துக்கொண்டது. அவனைப் பள்ளியில் சேர்க்கிற வயசில் நீங்கள் பட்டாளத்தில் சேர்ந்து பெங்களூர் போயிருந்தீர்கள். மாமாவுக்குக் கால் வலி, உங்கள் அண்ணன் மாட்டுச் சந்தைக்குப் போயிருந்தார். நான்தான் கூட்டிப்போனேன். வாத்தியார் பெயர் என்ன என்று கேட்டார். என் வாயில் எது வருமோ அதைச் சொன்னேன். வேறு என்ன சொல்லியிருக்க முடியும்? என் மேலும் தப்பில்லை, மாமா மேலும் தப்பில்லை. நம் பக்கத்தில் பாதிப் பிள்ளைகளுக்கு இரண்டு பெயர் இருப்பது இப்படித்தான். நீங்களோ பட்டாளத்தில் வைத்த பெயரை ஒழுங்காக எழுதிக்கொடுத்துவிட்டீர்கள். ஆக, சர்க்கார் கணக்கில் நமக்கு இரண்டு பிள்ளைகள். ஒருவனுக்குப் படிப்பு இருக்கிறது, அப்பா இல்லை. இன்னொருவனுக்கு அப்பா இருக்கிறார், படிப்பில்லை.

இந்தக் கடிதத்திலேயே பாருங்கள், மாமா பெயரை இன்னும் நான் எழுதவில்லை. உங்கள் பெயரையும் எழுதவில்லை. கோயிலுக்குப் போனால்கூட மலைமேல் இருக்கும் சாமியைப் பெயர் சொல்லிக் கும்பிட முடியாது. மாமாவுக்கு அந்தச் சாமி பெயர்தானே. ஊரே அந்தப் பெயரைச் சொல்லி உருகும்போது நான் மட்டும் மலையாண்டவரே, மலையாண்டவரே என்பேன். நீங்கள் பட்டாளத்தில் இருந்தபோது கவருக்கு உள்ளே இருப்பதெல்லாம் என் எழுத்து, மேலே விலாசம் மட்டும் தபால்காரர் எழுத்து. அவர் வரும்வரை கடிதம் பெயரில்லாமல் மாடக்குழியில் காத்துக் கிடக்கும். கடைசியாக நான் போட்டது உங்களைச் சேராமல் திரும்பி வந்தது. அதன் மேலும் அவர் எழுத்துதான் இருக்கிறது.

உங்கள் அண்ணன் வந்தால் ஒரு நொடி வேலை. அப்பா பெயர், தம்பி பெயர் இரண்டையும் தடையில்லாமல் சொல்லக்கூடியவர் அவர் ஒருவர்தான். பையன் போய்க் கேட்டான்.

"நான் வரல சாமி" என்றார். அவ்வளவுதான். அவர் தடுக்கவில்லை, திட்டவில்லை. தான் வராவிட்டால் காரியம் அப்படியே நின்றுவிடும் என்று அவருக்குத் தெரியும். என் வாய் திறக்காது என்பதில் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. எனக்கும்தான் இருந்தது.

பையன் திரும்பி வந்து அடுப்படியில் என் பக்கத்தில் குந்தினான். கொஞ்ச நேரம் சுள்ளியை ஒடித்துப் போட்டுக்கொண்டிருந்தான்.

"விட்டுரும்மா. நான் காட்டப் பாத்துக்கிட்டு இங்கயே இருந்துக்கறேன்."

அவன் அழுதிருந்தால் நானும் சேர்ந்து அழுது, அதோடு விட்டிருப்பேன். சண்டை போட்டிருந்தால் நாலு அறை வைத்திருப்பேன். இவன் பெரிய மனுஷன் மாதிரி எனக்கு விட்டுக்கொடுத்தான் பாருங்கள், அதுதான் பொறுக்கவில்லை. ஒரு பெயரைச் சொல்ல அம்மாவால் முடியாது என்பதற்காக ஒரு பிள்ளை தன் ஆயுசு முழுக்க விட்டுக்கொடுப்பதா?

"வெடியால கெளம்பி இரு. நானும் வாரேன்" என்றேன்.

"நீ சொல்லுவியாம்மா?"

"அத அங்க போய்ப் பாத்துக்கலாம். இப்பச் சோத்தத் தின்னு."

திருச்செங்கோட்டில் தாலுகா ஆபீஸ் வாசலில் நின்று மலையை அண்ணாந்து பார்த்தேன். உன் பெயரைத்தான் சொல்லப் போகிறேன், கோபித்துக்கொள்ளாதே என்று சொல்லிக்கொண்டேன். உள்ளே குமாஸ்தா நம் பக்கத்து ஆள். என் முகத்தைப் பார்த்ததும் விஷயத்தைப் புரிந்துகொண்டார்.

"இதெல்லாம் இங்க பழக்கந்தானுங்க அம்மா. பையனே பேரச் சொல்லட்டும், நீங்க ஆமான்னு தலைய ஆட்டுங்க, நான் எழுதிக்கறேன்."

எனக்கு உயிர் வந்தது. ஆனால் உள்ளே இருந்து தாசில்தார் அதைக் கேட்டுவிட்டார். அவர் சென்னைப் பக்கத்துக்காரர், கடுமையாகப் பேசவில்லை.

"வேற விஷயம்னா தலையாட்டுறது போதும்மா. இங்க விஷயமே பேருதான். பையன் தனக்குத் தானே சாட்சி சொல்ல முடியுமா? அம்மா நீங்க உங்க வாயால சொல்லணும். தம்பி, நீ வெளிய போய் நில்லு."

"எழுதிக் குடுத்தா ஆகாதுங்களா?"

"எழுதினதையும் படிச்சுத்தானேம்மா காட்டணும். சத்தியம் வாயாலதான் பண்ணணும்."

பையன் வெளியே போனான். ஆபீசில் காத்திருந்த நாலைந்து ஆண்களும் என்னையே பார்த்தார்கள். அதில் இரண்டு பேர் நம் ஊர்க்காரர்கள்.

ஏனுங்க, அப்போது எனக்கு என்ன தோன்றியது என்று உங்களிடம் மட்டும் சொல்கிறேன். புருஷன் பெயரைச் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று சொல்லித்தான் என்னை வளர்த்தார்கள். நான் ஒரு நாளும் சொன்னதில்லை. தூக்கத்தில் உளறிவிடுவேனோ என்றுகூடப் பயந்திருக்கிறேன். காட்டில் உங்களைப் பார்த்துப் பாம்பு சீறியபோதுகூட ஏனுங்க என்றுதான் கத்தினேன். இவ்வளவு காத்தும் நீங்கள் திரும்பி வரவில்லை. அப்படியானால் நான் எதைக் காத்தேன்? இனி எந்த ஆயுசு குறையப்போகிறது? அந்த இடத்தில் எனக்கு உங்கள் மேல்கூடக் கோபம் வந்தது. கோபத்தில்தான் வாய் திறந்தது.

"பையன் பேரு அர்த்தநாரி. அவங்க தாத்தன் பேரு."

"எந்தத் தாத்தா? அப்பாவைப் பெத்தவரா?"

"ஆமாங்க. என்ற மாமனாருங்க. பள்ளிக்கூடத்துல சின்னச்சாமின்னு குடுத்தது நாந்தானுங்க. ரெண்டும் ஒரே பையன். நான் பெத்தவ சொல்றேன்."

கூரை அப்படியே இருந்தது. மலையும் அப்படியே இருந்தது. குமாஸ்தாவின் பேனா கீறுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"பையனோட அப்பா பேரு?"

சொன்னேன். சுடச்சுட அவித்த கிழங்கை வாயில் போட்டுக்கொண்டால் துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் தவிப்போமே, அப்படி இருந்தது. அப்புறம்தான் ருசி தெரிந்தது. குமாஸ்தா எழுதிவிட்டு முழுவதையும் வாசிக்கச் சொன்னார். வாசிக்கையில் உங்கள் பெயர் வந்த இடத்தில் இன்னொரு தடவை சொன்னேன். அதற்குப் பயமே இல்லை. அவர் கேட்டிருந்தால் மறுபடியும் சொல்லியிருப்பேன், ஆனால் அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

வெளியே வந்ததும் பையன் என் முகத்தைப் பார்த்தான். என் கையில் இருந்த சான்றை வாங்கி மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு தபாலாபீசுக்கு ஓடினான்.

சேதி எங்களுக்கு முன்னால் ஊர் போய்ச் சேர்ந்துவிட்டது. வெயில் தாழ்கிற நேரம். உங்கள் அண்ணன் தண்ணீர்த் தொட்டி அருகில் நின்றிருந்தார். நான் வழக்கம்போலக் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். அவர் என்ன கேட்டால் என்ன சொல்வது என்று வழியெல்லாம் அடுக்கிக்கொண்டு வந்திருந்தேன். உங்களைப் பெற்றவள் இருந்தால் இதைத்தான் செய்திருப்பாள் என்று தொடங்குவதாக இருந்தேன்.

"போய்ட்டு வந்தாச்சா?"

"வந்தாச்சுங்க."

"பேரச் சொன்னயாமா?"

"சொன்னனுங்க."

எருது தண்ணீர் உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"எப்படிச் சொன்னே?" என்றார்.

நான் அடுக்கி வைத்திருந்த பதிலில் இதற்கு எதுவும் இல்லை.

"இந்த ஊட்டுல அவன் பேரு காதுல உழுந்து எத்தன காலமாச்சு அம்மிணி. நானும் கூப்புட்டுப் பாக்கலாம்னு வாயத் தொறப்பேன், வர மாட்டேங்குது. எனக்கு ஒருக்கா சொல்லு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. உங்கள் அப்பா போய்விட்டார், அம்மாவும் போய்விட்டார். பையனுக்கு நீங்கள் அப்பா. எனக்கு ஏனுங்க. உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறவர் என்று இந்த வீட்டில் பாக்கி இருந்தது அவர் ஒருவர்தான். நீங்கள் இல்லை என்ற தந்தி வந்த நாளில் இருந்து அவரும் சொல்லவில்லை. நான் வழக்கத்துக்காகச் சொல்லவில்லை, அவர் துக்கத்தில் சொல்லவில்லை, இரண்டு பேருமாகச் சேர்ந்து உங்களை இந்த வீட்டில் இருந்தே அனுப்பிவிட்டோம். அவர் தாலுகா ஆபீசுக்கு வராததும் அதனால்தானோ என்னவோ. நான் அவரை என்னவெல்லாம் நினைத்திருந்தேன்!

கதவுக்குப் பின்னால் இருந்து வெளியே வந்தேன். அவர் எதிரில் நின்று சொன்னேன். அவர் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். அழுதாரா என்று நான் பார்க்கவில்லை, திரும்பிக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து, "சரி, மாட்டப் புடிச்சுக் கட்டோணும்" என்று போய்விட்டார்.

அதற்காக அவர் மாறிவிட்டார் என்று நினைத்துவிடாதீர்கள். பையன் பரீச்சை எழுதச் சென்னைக்குப் புறப்பட்ட அன்று வண்டியைப் பூட்டிக்கொண்டு வந்து நிறுத்தினார். "நான் ஒத்துக்கிட்டேன்னு நெனச்சுக்காத. வண்டி மட்டுந்தான் ஓட்டறேன்" என்று என்னைப் பார்க்காமல் சொன்னார்.

எழுத்துப் பரீச்சையில் தேறினான். அப்புறம் பெங்களூரில் வைத்து ஓடவிட்டு, குதிக்கவிட்டு, பேசவிட்டுப் பார்த்தார்கள். நெஞ்சை அளந்தார்கள், பல்லை எண்ணினார்கள். மாட்டுச் சந்தையில்கூட அவ்வளவு பார்க்க மாட்டார்கள் பெரியப்பா என்று வந்து சொல்லி அவரைச் சிரிக்கவைத்தான். பலகையும் கயிறும் கொடுத்து ஒரு பள்ளத்தைக் கடக்கச் சொன்னார்களாம். பாலம் போட்ட ஆளின் மகன் ஆயிற்றே, நேராகத் தாண்டியிருப்பான் என்று நினைப்பீர்கள். பலகையோடு பள்ளத்தில் விழுந்தானாம். சேற்றோடு எழுந்து, இன்னொரு தடவை செய்கிறேன் என்று கேட்டானாம். இரண்டாவது தடவை பலகை நின்றது, கயிறு வழுக்கியதாம். மறுபடியும் கேட்டிருக்கிறான். அதற்குள் நேரம் முடிந்துவிட்டது.

கடைசி நாளில் ஒரு பெரிய அதிகாரி கேட்டாராம், உன் அப்பா செத்த வேலைக்கே நீயும் வருகிறாயே, பயமில்லையா என்று. இவன் சொன்ன பதிலை என்னிடம் நம் பேச்சில் சொன்னான்.

"எங்கப்பா சாகறதுக்குப் போகலீங்க. பாலம் போடப் போனாருங்க."

இதை அவன் சொல்லும்போது நான் மாவு பிசைந்துகொண்டிருந்தேன். பயமிருக்குதா இல்லையா, அதுக்குப் பதில் சொல்லலையே என்று கேட்டேன். இருக்குதும்மா, அவங்க அத மறுபடி கேக்கல என்றான்.

பிறகு தந்தி வந்தது.

நம் வீட்டுக்குத் தந்தி என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். தபால்காரர் சைக்கிளை நிறுத்தியதைப் பார்த்ததுமே நான் காட்டுப் பக்கம் திரும்பிப் பையனைத் தேடினேன். பையன் காட்டில் இருந்தான், கண்ணுக்கு எதிரில் இருந்தான், அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரியும். ஆனாலும் அந்தக் காகிதத்தை வாங்க என் கை நீளவில்லை. தபால்காரர்தான் புரிந்துகொண்டு, "அம்மா, நல்ல சேதிங்க, மொகத்தப் பாருங்க என்ற மொகத்த" என்று பிரித்து வாசித்தார். சான்றில் உள்ளபடி அர்த்தநாரி தேர்வு என்று இருந்தது. டேராடூனுக்கு வந்து சேரச் சொல்லி இருந்தது.

இதோ, நீங்கள் கேட்டதற்குப் பதில். இடம் கிடைத்துவிட்டது. நீங்கள் விரல் வைக்கச் சொன்ன இடத்துக்குப் போகிறான்.

இன்று காலை சேலம் ஜங்ஷனில் ரயில் ஏற்றினோம். வண்டி மட்டும்தான் ஓட்டுவேன் என்றவர் பஸ்ஸிலும் ஏறி, பிளாட்பாரம் வரை வந்து, பெட்டியையும் அவரே தூக்கினார். போகிற இடம் குளிரான ஊர் என்று தன் கம்பளியை மடித்துக் கொடுத்தார். வறுத்த கடலை ஒரு மூட்டை. அதிகாரிகள் படிக்கிற இடத்தில் இதை எங்கே வைத்துத் தின்பது என்று பையன் கேட்டான். அதிகாரிகளுக்கும் வயிறு இருக்கும் என்றேன்.

ரயில் புறப்படுகிற மணி அடித்தார்கள். அவன் பெட்டிக்குள் இடம் தேடிக்கொண்டு எனக்கு முதுகைக் காட்டி நின்றான். அவன் போகிற இடத்தில் சின்னச்சாமி என்று கூப்பிட ஒருவரும் இருக்கப்போவதில்லை. அங்கே அவனுக்கு ஒரே பெயர்தான். அந்தப் பெயரில் அவனை முதலில் கூப்பிடுவது ஏதோ ஒரு ஊர் பேர் தெரியாத சார்ஜென்டாக இருக்கக் கூடாது என்று எனக்குத் தோன்றியது.

"அர்த்தநாரி" என்று கூப்பிட்டேன்.

அவன் திரும்பவில்லை. என் குரலில் அந்தப் பெயரைக் கேட்டதே இல்லையே, எப்படித் திரும்புவான்? தாலுகா ஆபீசில் சொன்னபோதும் வெளியே அல்லவா நின்றான். பக்கத்துப் பெட்டியில் இருந்த ஒரு கிழவர்தான் எட்டிப் பார்த்தார். இன்னும் உரக்கக் கூப்பிட்டேன், மேட்டில் இருந்து காட்டுக்குக் கூப்பிடுகிற குரலில். இந்தத் தடவை திரும்பினான். யார் கூப்பிட்டது என்று தேடினான். நான்தான் என்று தெரிந்ததும் அவன் முகம் போன போக்கு இருக்கிறதே, அதை நீங்கள் பார்க்கவில்லையே என்றுதான் எனக்கு அடக்க முடியவில்லை. ஜன்னலுக்கு ஓடி வந்து கையை நீட்டினான். ரயில் நகர்ந்துவிட்டது, விரல் நுனி மட்டும் பட்டது.

எனக்குப் பயம் போய்விட்டதா என்று கேட்கிறீர்களா? போகவில்லை. இனி ஒவ்வொரு தந்தியையும் வாங்கக் கை தயங்கத்தான் செய்யும். ஆனால் பயத்தைக் காரணம் சொல்லி அவனைக் கிணற்றடியில் கட்டிப்போட மாட்டேன். காட்டையும் கிணற்றையும் உங்கள் அண்ணனும் நானும் பார்த்துக்கொள்வோம். கவலை ஓட்ட நான் பழகிக்கொண்டிருக்கிறேன். செவலைதான் முரண்டு பிடிக்கிறது, எனக்கு இங்கிலீஷ் வராது என்று.

உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். அவனுக்கு நான் எழுதுகிற கடிதம் எதுவும் தபால்காரருக்காக மாடக்குழியில் காத்துக் கிடக்காது. உள்ளே எழுதுகிற கைதான் மேலேயும் எழுதும். அவன் பெயரையும் அதன் முன்னால் உங்கள் பெயரையும் நானே எழுதுவேன். வீட்டிலும் சொல்வேன். உங்கள் அண்ணன் சாப்பிட உட்காரும்போது உங்கள் பேச்சை எடுப்பேன், பெயரைச் சொல்லியே எடுப்பேன். இந்த வீட்டுக்குள் நீங்கள் மறுபடி வர வேண்டும்.

இந்தக் கடிதத்தைக் கவரில் போட்டு, திரும்பி வந்த அந்தப் பழைய கடிதத்தோடு பெட்டியில் வைக்கப் போகிறேன். இதன் மேல் விலாசம் எழுதிவிட்டேன். ஊரும் இல்லை, படையின் நம்பரும் இல்லை, பெயர் மட்டும்தான். எழுத்து கொஞ்சம் கோணல். நீங்கள் பழக்கியதுதானே, பொறுத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
நாச்சிமுத்துவின் மனைவி,
அர்த்தநாரியின் அம்மா,
பாவாயி